பார்க்கப்பட்டோரின் பார்வை: மலையகத்து ஓவிய மாணவரின் பயிற்சியும் படைப்பு வேட்கையும்

1

ஈழத்துத் தமிழிலக்கிய வரலாற்றிலே மலையகத்துக்குரிய இடம் இன்று ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பட்டுள்ளது. கோ. நடேசய்யரின் பத்திரிகைப் பணியும், சி. வி. வேலுப்பிள்ளையின் (1914–1984) கவிதையும் நாவலும், தெளிவத்தை ஜோசப்பின் (1934–2022) புனைகதையும் ஆய்வும் பல்கலைக்கழக ஆய்வுகளுக்குப் பொருளாகியுள்ளன. ஆயின் அதே மக்களிடையிலிருந்து தோன்றும் ஓவியரைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை மிகக் குறைவு. இக்குறைபாட்டை ஆய்வாளரின் கவனக்குறைவு என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. அதற்கு ஒரு சமுதாய அடித்தளம் உண்டு.

எழுதுவதற்கு ஓர் அப்பியாசக் கொப்பியும் பேனாவும் இருந்தாற் போதும். லயத்துக் காம்பராவின் மூலையிலே, குப்பி விளக்கின் ஒளியிலே ஒரு சிறுகதை உருவாகிவிடலாம். ஓவியத்துக்கோ இடம் வேண்டும், பகலொளி வேண்டும், வர்ணமும் கடதாசியும் தொடர்ந்து வாங்குவதற்குப் பணம் வேண்டும், ஈரம் காயும்வரை படத்தைப் பாதுகாப்பாக வைக்க ஒரு சுவர் வேண்டும். இவற்றுக்கும் மேலாக, கண்ணையும் கையையும் பல ஆண்டுகள் பழக்குவதற்கு ஒரு நிறுவனம் வேண்டும். தோட்டத் தொழிலாளரின் வாழ்விலே இவை ஐந்தும் அரிதானவை. எனவே மலையகத்தில் ஓவியர் தாமதமாகத் தோன்றியமைக்கு விளக்கம் தேடுபவர், திறமையின்மையை விடுத்து உற்பத்தி உறவுகளை நோக்குதல் வேண்டும்.

அட்டன், நுவரெலியாப் பிரதேசத்துத் தோட்டமொன்றிலிருந்து ஓவியம் பயிலப் புறப்படும் மாணவர் எத்தகைய பாடங்களினூடாகச் செல்கிறார், அவரது ஆரம்பகாலப் படைப்பு வேட்கை எவ்வாறு உருப்பெறுகிறது, அவ்வேட்கை எதிர்கொள்ளும் முரண்பாடுகள் யாவை என்பனவற்றை இக்கட்டுரை சுருக்கமாக விளக்க முயல்கின்றது.

2

மலையகத் தொழிலாளர் ஓவியத்துக்கும் ஒளிப்படத்துக்கும் புதியவர் அல்லர். இலங்கையில் மிக அதிகமாகப் படம் பிடிக்கப்பட்ட உழைப்பாளிகள் அவர்களே எனலாம். இவ்வுண்மையை முதலிலே மனங்கொள்ளுதல் அவசியம்.

1867இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரத் தோட்டத்திலே 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். அடுத்த இருபது முப்பது ஆண்டுகளுள் கோப்பியின் இடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது. அதே காலத்திலேதான் வணிக ஒளிப்படக்கலை கொழும்பிலும் கண்டியிலும் வளர்ந்தது. 1890இல் நிறுவப்பட்ட பிளாட்டே போன்ற நிலையங்கள் விற்ற படங்களிலும் அஞ்சலட்டைகளிலும் கொழுந்து பறிக்கும் பெண் திரும்பத் திரும்ப இடம்பெற்றாள். அதே 1890ஆம் ஆண்டில் இலங்கைத் தோட்டங்களை வாங்கத் தொடங்கிய தோமஸ் லிப்டனின் நிறுவனம், தோட்டத்திலிருந்து தேநீர்ப் பாத்திரத்துக்கு நேரே வருவது என்னும் பொருள்பட்ட வாசகத்துடன் அவளது உருவத்தை விளம்பரங்களிலே பயன்படுத்தியது. 1935இல் வெளியிடப்பட்ட இலங்கை முத்திரைத் தொடரில் ஒன்பது சத முத்திரை கொழுந்து பறித்தலைக் காட்டியது. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் தலையும் கூடை சுமந்த பெண்ணின் உருவமும் ஒரே சதுரத்துள் அமைந்தன.

இப்படங்கள் யாவற்றிலும் ஒரு பொதுத்தன்மை காணப்படுகின்றது. பச்சை மலைச்சரிவு, தலையிலே பட்டியிட்டுத் தாங்கிய கூடை, புன்னகைக்கும் முகம் ஆகிய மூன்றும் தவறாது இருக்கும். லயம் இராது, அட்டை கடித்த காலும் மழையில் நனைந்த படங்கும் இரா, நிறுவையின்போது கழிக்கப்படும் கிலோக்கள் இரா. உழைப்பு காட்டப்படுகிறது, ஆனால் உழைப்பின் நிபந்தனைகள் மறைக்கப்படுகின்றன. மார்க்ஸ் பண்ட வழிபாடு எனக் குறிப்பிட்ட மறைப்பு, இங்கே ஒரு காட்சிவடிவத்தைப் பெற்றுள்ளது. தேயிலைப் பெட்டியின் மேலுள்ள பெண், அப்பெட்டிக்குள் இருக்கும் தேயிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியவொட்டாமற் செய்கிறாள்.

பிரெஞ்சுச் சிறுநில விவசாயிகளைப் பற்றி 1852இல் எழுதியபோது மார்க்ஸ் எழுப்பிய பிரதிநிதித்துவப் பிரச்சினை இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஒருவருக்காகப் பிறர் பேசுவதற்கும், ஒருவரைப் பிறர் சித்திரிப்பதற்கும் இடையே நெருங்கிய தொடர்பு உண்டு. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் அரசியற் பிரதிநிதித்துவம் பறிக்கப்பட்ட மக்கள், அதே காலம் முழுவதும் வணிகப் பிரதிமையாகத் தொடர்ந்து புழங்கினர். நாட்டின் பிரசைகளாக ஏற்கப்படாதவர்கள் நாட்டின் அடையாளமாக மட்டும் ஏற்கப்பட்டனர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டபோதும், அஞ்சலட்டைப் பெண்ணின் புன்னகை மாறவில்லை.

3

இத்தகைய படங்களால் சூழப்பட்ட ஒரு சமுதாயத்திலிருந்து ஓவியம் பயில வரும் மாணவியொருவரை வகைமாதிரியாகக் கொள்வோம். இவர் குறிப்பிட்ட ஒருவரல்லர். பலரது நிலைமைகள் ஒருங்கே வெளிப்படும் ஒரு வார்ப்பு எனக் கொள்க.

அவரது பாடசாலை பெரும்பாலும் பழைய தோட்டப் பாடசாலையின் வழிவந்ததாயிருக்கும். 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களிற் பாடசாலை நடத்தும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்திடம் விட்டது. பிள்ளைகள் கூலிகளாக வளரவேண்டுமென எதிர்பார்த்த நிருவாகம் எழுத்தும் எண்ணும் தாண்டிய கல்வியில் அக்கறை கொள்ளக் காரணம் இருக்கவில்லை. 1940களில் இலவசக் கல்வி நாடெங்கும் பரவியபோது தோட்டப் பாடசாலைகள் அதன் பயனை முழுமையாகப் பெறவில்லை. 1970களிலேயே அவை அரசாங்கத்தாற் பொறுப்பேற்கப்பட்டன. அதன் பின்னரும் விஞ்ஞான, கணித ஆசிரியர் பற்றாக்குறை நீடித்தமையால், கலைத்துறைப் பாடங்களே பலருக்குத் திறந்திருந்த வாயில்களாயின. ஆகவே சித்திரத்தைப் பாடமாக எடுக்கும் மாணவி அதனை விருப்பினால் மட்டும் எடுக்கிறாள் எனக் கூறுதல் முழு உண்மையாகாது. விருப்பும் வேறுவழியின்மையும் அத்தெரிவிலே கலந்துள்ளன.

பாடவிதானம் அவருக்குச் சிகிரியாவின் சுவரோவியங்களையும், பொலன்னறுவைக் கல்விகாரையையும், தெகல்தொறுவையின் கண்டிக்கால ஓவியங்களையும், அஜந்தாவையும், இத்தாலிய மறுமலர்ச்சியையும் அறிமுகப்படுத்துகின்றது. இவை யாவும் கற்கத்தக்கன என்பதில் ஐயமில்லை. ஆயினும் மாசி மாதத்திலே லயத்துக்கு அருகிலுள்ள காமன் பொட்டலில் ரதிக்கும் மதனுக்கும் பூசப்படும் வர்ணம், அருச்சுனன் தபசில் நடப்படும் கம்பத்தின் அலங்காரம், மார்கழி விடியலில் காம்பரா வாசலில் இடப்படும் கோலம் என்பன கலை என்னும் சொல்லோடு அவரது மனத்திலே எளிதில் இணைவதில்லை. தாயின் கைவேலை ஒருபுறமும் பரீட்சைக்குரிய கலை மறுபுறமுமாக நிற்கின்றன.

இனிச் செய்முறைப் பயிற்சியை நோக்குவோம். நிலைப்பொருள் வரைதல், உருவ அமைப்பு, தூரதரிசனம், இயற்கைக் காட்சி என்பன ஓவியக் கல்வியின் அடிப்படைப் பாடங்கள். இவை ஒவ்வொன்றும் தோட்டத்து மாணவிக்கு ஒரு கேள்வியாக மாறும் இயல்புடையன.

தூரதரிசனத்தை எடுத்துக்கொள்வோம். இணையான கோடுகள் தொலைவிலே ஒரு புள்ளியிற் சந்திப்பதாகத் தோன்றும் என்பது பாடம். இதனை விளக்க லயத்தைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பதரிது. ஒரே நீளத்தில் பத்துப் பன்னிரண்டு காம்பராக்கள், ஒரே தகரக்கூரை, ஒரே இஸ்தோப்பு, சமதூரத்தில் அமைந்த கதவுகள். மாணவி அதனைப் பிழையின்றி வரைந்துவிடலாம். ஆனால் இம்முறை ஓர் அசையாத கண்ணை, அது நிற்கும் ஒரு நிலையான இடத்தை முற்கோளாகக் கொண்டது. தோட்டத்திலே அத்தகைய இடம் எது? மேட்டிலே அமைந்த துரை பங்களாவே அது. அங்கிருந்து நோக்கினால் மலைகளும் நிரைகளும் லயங்களும் ஒழுங்காகத் தெரியும். கண்காணிப்பதற்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட மேடு அது. கொழுந்து பறிப்பவளின் கண்ணோ செடியின் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கின்றது. அவள் காண்பது இரண்டு இலையும் ஒரு மொட்டும், தன் விரல்களும், அடுத்த நிரையிலுள்ளவளின் முதுகும், காலடியில் வழுக்கும் கல்லுமாகும். அடிவானம் அவளது வேலைநேரத்துக்கு உரியதன்று.

எனவே இயற்கைக் காட்சி வரைக என்னும் எளிய பாடமும் யாருடைய கண்ணால் வரைவது என்னும் வினாவை உள்ளடக்கியுள்ளது. நாட்காட்டியிற் கண்டதை வரைந்தால் நல்ல புள்ளி கிடைக்கலாம். தாய் காண்பதை வரைந்தால், படத்தில் ‘காட்சி’ இல்லையென ஆசிரியர் கூறவும் கூடும். ஜோன் பேர்ஜர் 1972இல் வெளியிட்ட நூலிலும் தொலைக்காட்சித் தொடரிலும் பார்வைக்கும் உடைமைக்கும் உள்ள தொடர்பை விளக்கினார். மலையக மாணவிக்கு அத்தொடர்பு வீட்டு வாசலிலேயே தெரிகின்றது. அவருக்கு இல்லாதது அதனைச் சொல்லும் கலைச்சொல்லும், அதனைச் சொல்ல அனுமதிக்கும் வகுப்பறையுமே.

4

செய்முறை சார்ந்த ஓவியப் பட்டத்தைத் தமிழ்மொழியிற் பயில விரும்பும் மலையக மாணவர் பெரும்பாலும் யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ செல்ல நேர்கின்றது. யாழ்ப்பாணத்தில், 1960இல் மருதனார்மடத்தில் இசைக்கென நிறுவப்பட்ட இராமநாதன் கல்லூரி 1975இல் பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. பிற்காலத்தில் சித்திரமும் வடிவமைப்பும் அங்கே பட்டப்படிப்பாயிற்று. கிழக்கிலே சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இத்துறையில் இயங்குகின்றது.

யாழ்ப்பாணத்தில் ஓவியக் கல்விக்கு ஒரு மரபு உண்டு. 1938இல் எஸ். ஆர். கனகசபையின் முயற்சியால் வின்சர் ஆர்ட் கிளப் தோன்றியது. கொழும்பில் பயின்று திரும்பிய அ. மாற்கு (1933–2000) போர்ச்சூழலிலும் மாணவரைப் பயிற்றினார். பல்கலைக்கழகத்திலே ஓவியரும் கலைவரலாற்றாசிரியருமான தா. சனாதனன் போன்றோரின் செல்வாக்கினால், இடம்பெயர்வு, நினைவு, வீடு என்பன ஓவியப் பொருள்களாயின. போரினால் வீடிழந்த மாணவரும் வீடே உரிமையாயிராத மலையக மாணவரும் ஒரே வகுப்பில் அமர்ந்தபோது, வீடு என்னும் சொல்லுக்கு இருவேறு பொருள்கள் எதிரெதிரே வந்து நின்றன. வடக்கிலே வீடு இழக்கப்பட்டது. தோட்டத்திலே லயம் எக்காலத்தும் நிருவாகத்தின் உடைமையாகவே இருந்தது. இழப்பைப் பற்றிய கலைமொழியை அப்படியே எடுத்துக்கொள்ள மலையக மாணவரால் இயலாது. அதனைத் தமது அனுபவத்துக்கேற்ப மாற்றவேண்டிய தேவை அவர்களுக்கு எழுகின்றது.

இம்மாற்றத்தின் வெளிப்பாட்டை ஹனுஷா சோமசுந்தரத்தின் படைப்புகளிற் காணலாம். மலையகத்தில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஓவியம் பயின்ற இவர், தேயிலைச் சாயத்தின் கறையையும் பயன்படுத்தப்பட்ட தேயிலைப் பைகளையும் தமது ஊடகமாக்கினார். இதே பின்புலமும் பயிற்சியும் உடைய அருள்ராஜ் உலகநாதனும் தோட்டத் தொழிலாளரின் வாழ்வைத் தம் படைப்பின் மையமாக்கியவர். இவர்களைப் பற்றிய தனித்தனி மதிப்பீடு இக்கட்டுரையின் நோக்கமன்று. ஊடகத் தெரிவு என்னும் ஒன்றை மட்டும் விளக்குவோம்.

தேயிலைச் சாயம் கடதாசியில் கபில நிறக் கறையாகப் படிகின்றது. இலையிலுள்ள பொலிபீனோல் என்னும் சேர்மங்கள், தொழிற்சாலையில் இலை அரைபட்டுக் காற்றுடன் சேரும்போது மாற்றமடைவதால் அந்நிறம் உண்டாகின்றது. அதாவது, கறையின் நிறமே தொழிற்சாலை வேலையின் விளைவாகும். இரும்பு உப்புடன் சேர்ந்தால் அது கறுக்கும். வர்ணக் குழாய் வாங்க இயலாத மாணவருக்கு இது மலிவான மை. ஆனால் மலிவு என்பதோடு விடயம் முடிவதில்லை. பறிப்பவளின் விரல்நுனிகளில் பல ஆண்டுகள் ஊறிய கறையும் இதுவே. தேநீர் அருந்துவோர் பிழிந்து எறியும் பை, பண்டத்தின் பயணத்தில் கடைசி நிலை. அதனை மீண்டும் எடுத்து, பயணத்தின் தொடக்கத்தில் நின்றவளின் வாழ்வை அதன் மேல் நினைவுகூர்வதென்பது, பண்டம் மறைத்த உறவை வெளிப்படுத்தும் செயலாகும். அஞ்சலட்டை மறைத்ததை இக்கறை காட்டுகின்றது. இவ்வாறு நோக்குமிடத்து, பயிற்சிக்கால வறுமையின் நிர்ப்பந்தம் ஒரு கலைக்கொள்கையாக வளர்ச்சியடைந்தமை புலப்படும். உருவமும் உள்ளடக்கமும் வேறுவேறெனப் பிரித்து நோக்குவோருக்கு இது ஒரு தக்க மறுப்பாகும்.

5

மாணவரின் படைப்பு வேட்கையைப் பற்றி இனிச் சிந்திக்கலாம். ஓவியராக வேண்டும் என்னும் ஆசை தனிமனிதரின் உள்ளத்திலே தானாக முளைப்பது என்பது பரவலான நம்பிக்கை. 1845–46இல் மார்க்சும் ஏங்கெல்சும் எழுதிய ஜேர்மன் கருத்துநிலை பற்றிய நூல் இந்நம்பிக்கையை மறுத்தது. கலைத்திறன் ஒரு சிலரிடம் குவிவதும் பெருந்திரளான மக்களிடம் அது ஒடுக்கப்படுவதும் உழைப்புப் பிரிவினையின் இரு பக்க விளைவுகள் என்பது அவர்களது வாதம். தோட்டத்திலே இதற்கு விரிந்த சான்று உண்டு. காலையிற் பெரட்டுக்குச் சென்று மாலையில் நிறுவை முடித்துத் திரும்பும் தாய்க்கு, கோலமிடும் கையிருந்தும் அதனை வளர்க்கும் நேரமில்லை. மகளின் ஓவிய வேட்கை ஒருவகையில் தாயின் வளர்க்கப்படாத திறனின் தொடர்ச்சியேயாகும்.

அதற்குரிய செலவையும் அதே தாயே சுமக்கின்றாள். 2021இல் நாட்சம்பளம் 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. 2024இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபாவாயிற்று. இவ்வூதியத்திலிருந்து அட்டனுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையிலான பஸ் கட்டணம், விடுதிச் செலவு, தூரிகை, கன்வஸ் என்பன வரவேண்டும். குடும்பம் எதிர்பார்ப்பது சித்திர ஆசிரியை நியமனம். மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அரசாங்க உத்தியோகம் லயத்திலிருந்து வெளியேறும் நிச்சயமான பாதை. அதனைக் குறைவாக மதிப்பிடும் உரிமை, பரம்பரை வீடும் காணியும் உள்ள நமக்கு இல்லை. ஆயினும் மாணவியின் மனத்தில் வேறோர் ஆசையும் உண்டு: தான் கண்டதைத் தன் கையால் காட்டவேண்டும் என்பது.

இவ்விரு ஆசைகளும் முரண்படுவது போலவே, இரண்டாம் ஆசைக்குள்ளும் ஒரு முரண் உண்டு. லயத்தை வரைவதற்கு லயத்தை விட்டு வெளியேற வேண்டியுள்ளது. வெளியேறியவர் திரும்பி நோக்கும்போது, அந்நோக்கு இன்னும் உள்ளிருப்போரின் நோக்கா என்னும் வினா எழும். உழைப்பாளரை வரைந்த பெருங்கலைஞர் பலர் வெளியிலிருந்தே வந்தனர். 1844ஆம் ஆண்டின் சிலேசிய நெசவாளர் எழுச்சியை 1893–97இல் அச்சோவியத் தொடராக்கிய கேத்தே கொல்விற்ஸ், பெர்லினின் தொழிலாளர் பகுதியில் பணிபுரிந்த மருத்துவரின் மனைவி. 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தை மிதினாப்பூரில் நடந்து திரிந்து வரைந்த சித்தபிரசாத் கம்யூனிஸ்ட் கட்சியின் ஊழியர். அவர்கள் வர்க்க ஒருமைப்பாட்டினால் மக்களை நெருங்கினர். மலையக மாணவி எதிர்த்திசையிற் பயணம் செய்கின்றார். அவர் மக்களிடமிருந்து கலையை நோக்கிச் செல்கின்றார். முன்னவர்களுக்கு மக்களை அடைவது பிரச்சினையாயிருந்தது. இவருக்கோ மக்களை இழவாமலிருப்பது பிரச்சினை.

6

இவ்விடத்து ஓர் அபாயத்தைச் சுட்டிக்காட்டுதல் கடமையாகும். தேயிலைக் கறை ஓவியத்துக்குக் கொழும்புக் கலைக்கூடங்களிலும் வெளிநாடுகளிலும் வரவேற்பு உண்டு. அதனால் ஓவியர் பிழைக்க முடியுமாயின் அது நன்றே. ஆனால் சந்தை ஒரு வெற்றியைக் கண்டதும் அதனையே மீண்டும் மீண்டும் கேட்கும். கறையும் கூடையும் லயமும் ஒரு பாணியாக இறுகுமாயின், ஓவியமும் தேயிலையைப் போல மலையில் விளைந்து, கொழும்பிற் தரம்பிரிக்கப்பட்டு, வெளியே விற்கப்படும் பண்டமாகிவிடும். புன்னகைக்கும் பெண்ணின் இடத்திலே துயருறும் பெண் வந்து நிற்பாள். இரண்டும் பிறர் வாங்குவதற்கான படங்களே. முற்போக்கு விமர்சகரும் இதற்கு உடந்தையாகலாம். மலையக ஓவியர் மலையகத்தின் துயரை மட்டுமே வரைதல் வேண்டுமென நாம் எதிர்பார்ப்போமாயின், அவர்களது கண்ணுக்கு மீண்டும் ஒரு கங்காணியை நியமித்தவராவோம். அவர்கள் மேகத்தையும், கறுப்புச் சதுரத்தையும், தம் நண்பரின் முகத்தையும் வரையும் உரிமை, லயத்தை வரையும் உரிமைக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இவ்வபாயத்துக்குத் தனிமனித மனவுறுதி மட்டும் போதிய மருந்தாகாது. மூன்று செயல்கள் தேவைப்படுகின்றன. முதலாவது, செய்முறை ஓவியக் கல்வி மலையகத்திலேயே தமிழில் கிடைத்தல் வேண்டும். இரண்டாவது, படங்கள் முதலில் மலையகத்தாராற் பார்க்கப்பட வேண்டும். பாடசாலை மண்டபமும், தோட்டத்து வாசிகசாலையும், கோயில் முற்றமும் கண்காட்சிக்கூடமாகலாம். தன் விரற்கறை ஓவியத்தில் என்ன பொருள் பெற்றுள்ளது என்று சொல்ல, அவ்விரலுக்குரியவளைவிடத் தகுதியுள்ள விமர்சகர் எவருமிலர். மூன்றாவது, இவ்வோவியங்களைப் பற்றித் தமிழிலே ஆய்வும் விமர்சனமும் எழுதப்படுதல் வேண்டும். ஆங்கில அறிமுகக் குறிப்புகளோடு மட்டும் ஒரு கலை வளர முடியாது.

2023இல், மலையக மக்களின் வருகையின் இருநூறாவது ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். மூதாதையர் நடந்த வழியைத் தாமே மீண்டும் நடந்து பார்த்தல் அதன் நோக்கமாயிருந்தது. தோட்டத்து ஓவிய மாணவி தன் பயிற்சிக் கொப்பியில் லயத்தின் தூரதரிசனக் கோடுகளை அழித்து, தாயின் கண்மட்டத்திலிருந்து அவற்றை மீண்டும் வரையத் தொடங்கும்போது செய்வதும் அத்தகைய ஒரு செயலே. அக்கொப்பி இன்று பரீட்சைப் புள்ளிக்காகவே திறக்கப்படுகின்றது. அதனை மலையகத்தின் கலாசார வரலாற்று ஆவணமாகவும் வாசிக்கப் பழகுதல், இலக்கிய மாணவராகிய நமது பொறுப்பாகும்.